பெயர்ச்சீட்டும் நாவும்

ஒரு பொருளின் இயல்பை அறிந்துகொள்ள மனிதனுக்கு ஐம்பொறிகள் உள்ளன. அவை கொணரும் செய்தியை ஆராய்ந்து முடிவு கூறப் பகுத்தறிவு உள்ளது. ஆனால் இவ்வாறையும் முந்திக்கொண்டு தீர்ப்பளிக்கும் ஏழாவதொன்றை மனிதன் தானே படைத்துக்கொண்டிருக்கிறான். அதுவே பெயர். கண் காணுமுன்னும், நா சுவைக்குமுன்னும், இஃது இன்னாருடையது, இன்ன ஊரது, இன்ன விலையது என்று பெயர் வந்து சொல்லிவிடுகிறது. அதன்பின் பொறிகள் செய்வதெல்லாம், முன்னரே எழுதப்பட்ட தீர்ப்புக்குச் சாட்சி தேடும் வேலையாகவே பெரும்பாலும் முடிகிறது.

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டார் ஒரு மதுவைக் கொண்டு நன்கு சோதித்துப் பார்த்திருக்கின்றனர். போர்பன் விஸ்கி என்பது அம்மதுவின் பெயர். புட்டியை மறைத்து, பெயரை மறைத்து, விலையை மறைத்து, கிண்ணத்தில் உள்ளதை மட்டும் மூக்கினாலும் நாவினாலும் ஆராய்ந்து தரம் கூறும் முறை அங்கே ஒரு கலையாகவும் விஞ்ஞானமாகவும் வளர்ந்திருக்கிறது. அம்முறை ஏன் வேண்டியதாயிற்று, அஃது எதைக் காட்டிற்று, எதைக் காட்ட வல்லதன்று என்பவற்றை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீர்திருத்தம் பேசும் இதழில் மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று நேயர்களிற் சிலர் வியப்படையக்கூடும். குடியினால் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் மதுவின் பெருமையைப் பேச மாட்டார். நாமும் அதைப் பேசப் புகவில்லை. நம் ஆராய்ச்சி குடியைப் பற்றியதன்று, தீர்ப்பைப் பற்றியது. மனிதன் எங்கே எளிதில் ஏமாறுகிறானோ, ஏமாற்றுவதால் எங்கே பெரும்பொருள் கிடைக்கிறதோ, அங்கேதான் உண்மையைக் கண்டறியும் முறைகளும் கூர்மை பெறுகின்றன. அவ்வகையில் மது வாணிகத்தின் வரலாறு குடியாதவனுக்கும் பாடம் கற்பிக்க வல்லது.

போர்பன் என்பது யாது?

அமெரிக்காவின் கெண்டக்கி மாகாணத்தில் குடியேறிய உழவர்கள் தங்கள் நிலத்தில் மிகுதியாக விளைந்த மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து வடித்த சாராயமே போர்பனின் மூலம். இன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, அதற்குரிய தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளம் இருத்தல்வேண்டும். எஞ்சிய பங்கு ரை என்னும் தானியமாகவோ கோதுமையாகவோ முளைகட்டிய வாற்கோதுமையாகவோ இருக்கும். வடிக்கும்போது சாராயச் சத்து நூற்றுக்கு 80 பங்கிற்கு மேற்படலாகாது. பீப்பாயில் இடும்போது 62.5 பங்கிற்கு மேற்படலாகாது. புட்டியில் அடைக்கும்போது 40 பங்கிற்குக் குறையலாகாது. அது தங்கியிருக்கவேண்டிய கலம், உட்புறம் நெருப்பினால் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலம். குறைந்தது இரண்டாண்டுகள் அவ்வாறு தங்கி, வெளியிலிருந்து நிறமோ மணமோ சேர்க்கப்படாததே ‘ஸ்ட்ரெயிட்’ போர்பன் என்னும் பெயருக்கு உரியது. அதன் செந்நிறமும், வனிலாவையும் காய்ச்சிய சர்க்கரைப் பாகையும் ஒத்த மணமும் கருகிய மரத்தினின்றும் வந்தவை. ரை சேர்ந்தால் மிளகையொத்த காரம் தோன்றும். கோதுமை சேர்ந்தால் மென்மை தோன்றும். 1964ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, போர்பன் தன் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் செய்தது.

இத்துணைத் தெளிவாக இலக்கணம் வகுக்கப்பட்ட பொருளுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்பது மட்டும் தெளிவாகவில்லை. பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயரால் 1785இல் அமைக்கப்பட்ட போர்பன் என்னும் வட்டாரத்திலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலுள்ள போர்பன் தெருவிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். எலைஜா கிரெய்க் என்னும் பாதிரியாரே இதை முதன்முதல் உண்டாக்கியவர் என்றொரு கதையும் உலவுகிறது. வரலாற்றறிஞர் அதை ஏற்பதில்லை. புட்டிமேல் ஒட்டும் சீட்டோ அதை மகிழ்ந்து ஏற்றுக்கொள்கிறது. சீட்டுக்கு வேண்டியது சான்றன்று, கதை என்பதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு.

கலப்படக்காரர் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விஸ்கி பீப்பாய் பீப்பாயாகவே விற்கப்பட்டது. வடித்தவனிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அவனிடமிருந்து மதுக்கடைக்காரனுக்கும் பீப்பாய் செல்லும். குடிப்பவன் தன் குடுவையைக் கொண்டுபோய் நிரப்பி வருவான். பீப்பாய் எத்தனை கைகள் மாறிற்று, ஒவ்வொரு கையும் அதில் எதை ஊற்றிற்று என்பதைக் கேட்பாரில்லை.

அக்காலத்திலும் நேர்மையாகத் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து கெண்டக்கியில் வாழ்ந்து 1856இல் மறைந்த ஜேம்ஸ் கிரோ என்பவர் வைத்தியமும் இரசாயனமும் கற்றவர். முன்பு கைப்பழக்கத்தாலும் ஊகத்தாலும் நடந்த வேலையை அவர் அளவு கருவிகளைக் கொண்டு நடத்தினார். முன்னாள் புளித்த சாற்றில் ஒரு பகுதியை மறுநாட் கலவையோடு சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தி, இன்று வடித்ததும் அடுத்த மாதம் வடிப்பதும் ஒன்றுபோல் இருக்கும்படி செய்தார். ஆகவே அவர் பெயர் சந்தையில் மதிப்புப் பெற்றது. மதிப்புப் பெற்ற பெயரைப் போலிகள் சூழ்ந்துகொள்ளுதலும் இயல்பே.

அப்போலிகளின் வேலை இரகசியமாகவும் நடக்கவில்லை. 1853இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பியேர் லக்கூர் என்பவர், மது வகைகளை வடிக்காமலே உண்டாக்குவது எப்படி என்று விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். மணமும் குணமும் அற்ற வெறுஞ் சாராயத்தில் நிறமூட்டும் பொருள்களையும் எண்ணெய்களையும் சாறுகளையும் சேர்த்து, நாலாண்டு பீப்பாயில் தூங்கிய விஸ்கியின் தோற்றத்தை ஒரே நாளில் உண்டாக்கிவிடலாம். இத்தொழில் செய்தோர் தங்களைத் ‘திருத்துவோர்’ என்று அழைத்துக்கொண்டனர்! வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பும் மக்கள், சிவந்ததெல்லாம் பழைய விஸ்கி என்று நம்பிப் பணம் கொடுத்தனர்.

இங்கே நாம் ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். லக்கூரின் கலை நாவை ஏமாற்றுவதற்கென்றே வகுக்கப்பட்டது. ஆகையால் ‘நாவே நீதிபதி, வேறு சான்று வேண்டா’ என்று கூறுவோர்க்கு இக்கலை ஓர் எச்சரிக்கையாகும். இதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

முத்திரையும் சட்டமும்

மக்களுக்கு வேண்டியது பீப்பாய்க்குள் இருப்பதைப் பற்றிய உண்மை. அதை அளிக்க முதலில் முன்வந்தவர் ஒரு வியாபாரி. லூயிவில் நகரில் மருந்து விற்பனையில் இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன் என்பவர், 1870இல் தம் போர்பனை முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டியில் மட்டுமே விற்கத் தொடங்கினார். வைத்தியர்கள் நோயாளிகளுக்கு விஸ்கியை எழுதிக்கொடுத்த காலம் அது. மருந்தாகக் கொடுக்கும் பொருளில் கலப்பு இருத்தல் கூடாதென்பது அவர் கருத்து. புட்டிக்கு முத்திரை வந்தது. பெயரும் கையொப்பமும் வந்தன.

அடுத்து வந்தது சர்க்கார். வடிசாலை முதலாளியாகிய எட்மண்ட் டெய்லர் என்பவரும், கெண்டக்கியைச் சேர்ந்தவரும் அப்போது நிதி மந்திரியாயிருந்தவருமான ஜான் கார்லைல் என்பவரும் முயன்றதன் பயனாக, 1897 மார்ச்சு மாதத்தில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, சர்க்கார் பூட்டிய கிடங்கில் குறைந்தது நான்காண்டு இருந்து, நூற்றுக்கு 50 பங்கு சாராயச் சத்துடன் புட்டியில் அடைக்கப்பட்டதே சர்க்கார் முத்திரையைப் பெறலாம் என்பது அச்சட்டம். சுவையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நல்லது, கெட்டது என்று கூறவும் அது முற்படவில்லை. ‘எங்கே, எப்பொழுது, யாரால், எவ்வளவு காலம்’ என்னும் நான்கு வினாக்களுக்கும் பொய்யான விடை கூறாதே என்று மட்டும் அது கட்டளையிட்டது.

பின்னர், விவசாய இலாகாவின் தலைமை இரசாயன நிபுணராகிய ஹார்வி வாஷிங்டன் வைலி என்பவர் உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் போர் தொடுத்தார். உணவில் சேர்க்கும் மருந்துகளின் தீமையை அறிய, 1902 முதல் இளைஞர் குழு ஒன்றுக்கு அவற்றைக் கலந்த உணவை அளித்து ஆராய்ந்தவர் அவர். 1906 ஜூனில் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. உடனே எழுந்த பெருவழக்கு, ‘விஸ்கி என்றால் என்ன?’ என்பதே. வெறுஞ் சாராயத்திற்கு நிறமூட்டியதும் விஸ்கிதானா? 1907இல் அட்டர்னி ஜெனரல் சார்லஸ் போனபார்ட், அது போலி விஸ்கியே என்று முடிவு கூறினார். இவர் மாவீரன் நெப்போலியனுடைய சகோதரனின் பேரன். திருத்துவோர் விடவில்லை. 1909 டிசம்பரில் பிரசிடெண்ட் டாஃப்ட் தாமே அவ்வழக்கை ஆராய்ந்து, இருதிறத்தாரும் விஸ்கி என்னும் பெயரை வழங்கலாம், ஆனால் எது நேரானது, எது வெறுஞ் சாராயம் கலந்தது என்பதைச் சீட்டில் வெளிப்படையாகக் கூறியே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

இவ்வாறு நாற்பதாண்டுப் போராட்டத்தின் முடிவில் பெயர்ச்சீட்டு உண்மை பேசக் கற்றுக்கொண்டது. ஆனால் உண்மை பேசும் சீட்டும் மனிதனை மயக்கக்கூடும் என்பது அதற்குப் பின்னரே விளங்கியது.

நாவைச் சோதித்தல்

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மருந்து விஸ்கி விற்கச் சில நிறுவனங்களே அனுமதி பெற்றன. பல வடிசாலைகள் மூடப்பட்டு மீண்டும் திறக்கப்படவில்லை. 1933 டிசம்பரில் விலக்கு நீங்கியபோது, தொழில் பெருநிறுவனங்களின் கைக்கு மாறிற்று. பெருநிறுவனம் ஒன்றின் தேவை புதுமையானது. கிடங்கின் மேல்மாடியில் வெப்பத்தில் இருந்த பீப்பாயும், கீழ்மாடியில் குளிர்ச்சியில் இருந்த பீப்பாயும் ஒரே நாளில் வடித்த சாராயத்தை இரு வேறு சுவையாக மாற்றிவிடும். ஆனால் ஒரே பெயர் தாங்கிய புட்டிகள் நாடு முழுதும் ஒரே சுவையாக இருத்தல்வேண்டும். இரண்டு கிண்ணங்களுக்கு வேறுபாடு உண்டா, இல்லையா என்று உறுதியாகச் சொல்லவல்ல நாக்குகள் வேண்டும். நாவைச் சோதிப்பது எப்படி?

கண்ணைக் கட்டிச் சோதிக்கும் முறைக்கு ஒரு பழைய மரபு இருந்தது. 1784இல் பாரிஸ் நகரில், மெஸ்மர் என்பவரின் கொள்கையைப் பின்பற்றினோர் கண்ணுக்குத் தெரியாத காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகக் கூறியதை ஆராய அரசர் ஒரு குழுவை நியமித்தார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இரசாயன மேதை லவாய்சியரும் இருந்தனர். நோயாளிகளின் கண்களைக் கட்டிச் சோதித்தபோது, சக்தி செலுத்தப்படுகிறது என்று நம்பியவர்க்கு, ஒன்றும் செலுத்தாதபோதும் உடல் நடுங்கிற்று. செலுத்தப்படுவதை அறியாதவர்க்கு ஒன்றும் நேரவில்லை. வேலை செய்தது சக்தியன்று, நம்பிக்கையே என்பது வெளியாயிற்று.

பின்னர் 1920களில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பாசியினங்களை ஆராய்ந்த முரியல் பிரிஸ்டல் என்னும் அம்மையார், கிண்ணத்தில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூறிவிடுவேன் என்றார். கணித நிபுணர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. எப்படிச் சோதிக்கலாம் என்று சிந்தித்தார். அதன் விளைவை 1935இல் தாம் வெளியிட்ட நூலில் விளக்கினார். எட்டுக் கிண்ணங்கள், நான்கு ஒரு வகை, நான்கு மறு வகை, முன்பின்னாகக் கலைத்து வைக்கவேண்டும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே முற்றிலும் சரியானது. ஆகவே குருட்டு அதிர்ஷ்டத்தால் வெல்வதற்கு எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு.

இவ்விரு மரபுகளும் மதுத் தொழிலில் வந்து கலந்தன. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையிலும், விஸ்கி வடிக்கும் ஸீக்ராம் நிறுவனத்திலும் ‘முக்கோணச் சோதனை’ என்னும் முறை உருப்பெற்றது. மூன்று கிண்ணங்கள் வைக்கப்படும். இரண்டில் ஒரே மது. ஒன்றில் வேறு மது. எது வேறு என்று சுவைப்பவர் கூறவேண்டும். ஊகத்தால் ஒருமுறை வெல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து ஐந்துமுறை வெல்ல 243இல் ஒரு வாய்ப்பே உண்டு. பத்துமுறை வெல்ல 59,049இல் ஒன்று. ‘எனக்குச் சுவை தெரியும்’ என்று மார்தட்டுவோரின் சொல்லுக்கு இவ்வாறு ஓர் உரைகல் கிடைத்தது. பரம்பரை பரம்பரையாகச் சுவை பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவனும், நேற்று வேலைக்கு வந்த எழுத்தனும் இம்மூன்று கிண்ணங்களின் முன் சமமே.

போர்பனைச் சுவைக்கும் முறை

போர்பனை இவ்வாறு ஆராய்வோர் கைக்கொள்ளும் ஒழுங்கை இங்கே சுருங்கக் கூறுவோம். கிண்ணங்கள் எல்லாம் ஒரே வடிவினவாக, அடி பருத்து வாய் குறுகியனவாக இருக்கும். மணம் சிதறாது மேலெழுந்து மூக்கை அடைவதற்கே அவ்வடிவம். ஒவ்வொன்றிலும் சிறிதளவே ஊற்றுவர். கிண்ணத்திற்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண் இடுவதும் தவறு. ஒன்று என்பது சிறந்தது என்று மனம் எண்ணிவிடும். ஆகையால் பொருளற்ற மூன்றிலக்க எண் ஒன்றை இடுவர். நிறம் மிகுந்தது வயது முதிர்ந்தது என்னும் நினைவு எழாதிருக்கச் சிலவிடங்களில் நிறமுள்ள கண்ணாடிக் கிண்ணங்களை வழங்குவர். ஊற்றியவர் ஒருவர், கொணர்ந்து வைப்பவர் வேறொருவர். வைப்பவருக்கும் எது எதுவென்று தெரியாது. ஏனெனில் அறிந்தவரின் முகம் அறியாதவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் மணம், பின்னர்ச் சுவை, பின்னர்த் தொண்டையில் நீங்காது நிற்கும் பின்சுவை. சிறிது நீர் சேர்த்து மீண்டும் ஒருமுறை. சுவைத்ததை விழுங்காமல் உமிழ்ந்துவிடுதலே ஒழுங்கு. உரிய சாராயச் சத்து மிகுந்த மதுவாதலின், நாலைந்து கிண்ணங்களுக்குப்பின் நா மரத்துப்போகும். முதலில் வந்தது நன்றாகவும் கடைசியில் வந்தது மங்கலாகவும் தோன்றும். ஆகையால் வெவ்வேறு நடுவருக்கு வெவ்வேறு வரிசையில் கொடுப்பர். ஒருவர் தம் கருத்தை எழுதி முடிக்குமுன் மற்றவர் வாய்திறத்தல் கூடாது. பெரியவர் ஒருவர் ‘ஆகா’ என்றால் சிறியவர் பத்துப்பேர் ‘ஆகா’ என்பர் அல்லவா? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸான் ஃபிரான்ஸிஸ்கோ மதுப் போட்டி முதலியவை பெயர் மறைத்தே தீர்ப்புக் கூறுகின்றன.

வெளியான உண்மைகள்

இத்தகைய சோதனைகள் பல அரியணைகளை அசைத்திருக்கின்றன. 1976 மே மாதம் 24ஆம் நாள் பாரிஸில், பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மரின் முன் பெயர் மறைத்துத் திராட்சை மதுக்கள் வைக்கப்பட்டன. வெண்மதுவிலும் செம்மதுவிலும் முதலிடம் பெற்றவை புகழ்பெற்ற பிரெஞ்சு மதுக்கள் அல்ல, கலிபோர்னியாவிலிருந்து வந்தவை. நூற்றாண்டுகளின் புகழை அவர்கள் நாக்கே கவிழ்த்துவிட்டது. 2001இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிரான்ஸில் மதுக்கலை பயிலும் மாணவர் 54 பேருக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெண்மது கொடுக்கப்பட்டது. செம்மதுவுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். மூக்குக்குப் பதிலாகக் கண் பேசிற்று.

தீர்ப்புக் கூறுவோரும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. கலிபோர்னியா மாகாணக் கண்காட்சியில் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மதுவை, மற்றவற்றோடு கலந்து, மூன்றுமுறை அதே நடுவர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார் ராபர்ட் ஹாட்ஜ்ஸன். மூன்றுமுறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பளித்தவர் பத்தில் ஒருவரே என்று 2008இல் அவர் வெளியிட்டார். பெயரை மறைத்தால் மட்டும் நா தெய்வமாகிவிடாது. நாவின் சோர்வும் அப்பொழுதே வெளிப்படும் என்பதை இதனால் அறிகிறோம்.

போர்பனுக்கு வருவோம். வான் விங்கிள் என்னும் பெயர் தாங்கிய புட்டியைச் செல்வர் பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்குகின்றனர். அதே ஃபிராங்க்ஃபர்ட் நகர வடிசாலையில், அதே போல் ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்து வடிக்கப்படுவது வெல்லர் என்னும் மற்றொரு பெயரிலும் வருகிறது. பீப்பாயில் இருந்த காலமும் பீப்பாயைத் தேர்ந்த கையும் வேறுபடுதலால் இரண்டும் ஒன்றே என்று கூறுதல் தவறு. ஆனால் விலையிலுள்ள மலையளவு வேறுபாடு முழுவதும் சுவையிலும் உண்டோ என்பதைப் பெயர் மறைத்த கிண்ணமே சொல்லவேண்டும். இந்தியானா மாகாணத்து லாரன்ஸ்பர்க் நகரில், முன்னர் ஸீக்ராம் நிறுவனத்துக்கு உரியதாயிருந்த பெரிய வடிசாலை ஒன்று உண்டு. அங்கே வடித்த விஸ்கியைப் பல வியாபாரிகள் வாங்கித் தத்தம் பெயரில் விற்றனர். ஒரே தாயின் பிள்ளைகள் வெவ்வேறு குலப்பெருமை பேசி வீதியில் உலாவிய கதைதான் இது.

கட்டிய கண் காணாதவை

நிற்க. பெயரை மறைத்தால் உண்மை முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்று கொள்வோமாயின் நாமும் ஒரு மூடநம்பிக்கைக்கே ஆளாவோம்.

முதலாவது, நா நஞ்சை அறியாது. மதுவிலக்குக் காலத்தில் அமெரிக்காவில், குடிக்கக்கூடாதென்பதற்காக மெதில் சாராயம் கலக்கப்பட்ட தொழிற்சாலைச் சாராயம் கள்ளச் சந்தைக்குப் போய்ப் பலரைக் கொன்றது. மெதில் சாராயமும் சாதாரணச் சாராயமும் சுவையிலும் மணத்திலும் ஏறக்குறைய ஒன்றே. 2018 செப்டம்பரில் நம் மலேசிய நாட்டின் சிலாங்கூரிலும் அந்நஞ்சு கலந்த மது முப்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாண்டவரிற் பலர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுக் கூலித்தொழிலாளர். மலிவான புட்டியை நம்பியதே அவ்வேழைகள் செய்த பிழை. இங்கே வேண்டியது கண்ணைக் கட்டுவதன்று. வைலியைப் போன்ற இரசாயன நிபுணரும், 1897இல் வந்ததைப் போன்ற முத்திரையுமே.

இரண்டாவது, நா உழைப்பை அறியாது. கெண்டக்கிக்குத் தெற்கே அடுத்துள்ள டென்னஸி மாகாணத்தில், ஜாக் டேனியல் என்பவரின் பெயரால் வழங்கும் விஸ்கி உலகெங்கும் புகழ்பெற்றது. சிறுவனாயிருந்த ஜாக்குக்கு வடிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்னும் நீக்ரோ அடிமை. அடிமைத்தனம் ஒழிந்தபின் அவ்வடிசாலையின் முதல் தலைமைத் தொழில் நிபுணராக விளங்கியவரும் அவரே. மாணவன் பெயர் கோடானுகோடிப் புட்டிகளின்மேல் ஏறிற்று. ஆசிரியர் பெயர் ஊராரின் நினைவிலும் அவர் வழிவந்தோரின் நினைவிலும் மட்டுமே தங்கிற்று. 2016ஆம் ஆண்டில்தான் அந்நிறுவனம் அவருடைய பங்கை வெளிப்படையாக எடுத்துக்கூறத் தொடங்கியது. கெண்டக்கி வடிசாலைகளிலும் 1865 வரையில் அடிமைகள் உழைத்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. எத்துணை நுட்பமான நாவும் இவ்வநீதியைச் சுவைத்து அறிய இயலாது. ஏட்டைத் திறந்து படித்தவரே அறியமுடியும்.

நாம் கொள்ளும் முடிவு

ஆகவே போர்பனின் வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றன்று, இரண்டு. எங்கே பெயர் தகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதோ, அங்கே பெயரை மறைக்கவேண்டும். எங்கே பெயரில்லாமை குற்றத்தையும் சுரண்டலையும் மறைக்கிறதோ, அங்கே பெயரை வெளிப்படுத்தவேண்டும். இவ்விரண்டையும் இடமறிந்து செய்தலே நீதி.

மதுவுக்கு மட்டும் உரிய பாடமன்று இது. பரீட்சை விடைத்தாளில் மாணவன் பெயருக்குப் பதில் எண்ணை எழுதச் சொல்வதும் இந்நீதியே. 1952இல் பாஸ்டன் நகர இசைக்குழுவினர், புதிய வாத்தியக்காரரைத் திரைக்குப் பின்னால் அமர்த்தி வாசிக்கச் செய்து தேர்ந்தெடுத்ததும் இந்நீதியே. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் நம்மவர் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தார்களே, அதுவும் அதுவே. ஒரு மனிதனைக் காணுமுன் அவனது பட்டத்தைக் கேட்டு மதிப்பிடுவது, சாயமிட்ட வெண்மதுவைச் செம்மது என்று வருணித்த மாணவரின் செயலை ஒக்கும். அம்மாணவர்கள் ஏமாந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. நம் சமூகம் ஏமாந்ததால் தலைமுறை தலைமுறையாக மனிதர் வதைபட்டனர்.

ஆனால் பட்டத்தைக் கிழித்ததோடு வேலை முடிந்துவிட்டதென்று அமர்ந்துவிடலாகாது. ரப்பர்த் தோட்டத்தையும் ரயில் பாதையையும் துறைமுகத்தையும் உண்டாக்கிய கைகள் யாருடையவை என்பதை எழுதும் சீட்டு இன்னும் முழுதும் எழுதப்படவில்லை. நியரெஸ்ட் கிரீனைப்போல் மறைந்துபோனவர் நம்மிடையிலும் எண்ணற்றவர் உளர். பிறப்பைக் கூறும் சீட்டைக் கிழிப்போம். உழைப்பைக் கூறும் சீட்டை ஒட்டுவோம்.